கணக்கு ஒத்துவரவில்லையா? வானிலையையும் கட்டட மின் நுகர்வையும் ஒப்பிடும்போது வரும் சிக்கல்களும் தீர்க்கும் வழியும்

பில் ஏறிவிட்டது. வெயில்தான் காரணம் என்கிறார் ஒருவர். ஏசியைச் சரிபார்த்து வெகுநாள் ஆகிவிட்டது, அதுதான் காரணம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்று அறிய, வெப்பநிலையையும் நுகர்வையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் முதல் வரைபடம் பெரும்பாலும் பதில் தராது. புள்ளிகள் சிதறிக் கிடக்கும், கோடு தவறான இடத்தில் வெட்டும், சில மாதங்கள் மட்டும் தனியே நிற்கும்.

அந்தக் கோளாறுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு. வடிவத்தை வைத்தே காரணத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம். உங்கள் வரைபடம் எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். அடுத்துவரும் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம், மற்ற எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது 12 மாத மீட்டர் ரீடிங் வேண்டும். பில்லில் இருக்கும் தொகை வேண்டாம், யூனிட் வேண்டும் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி). ஒவ்வொரு ரீடிங்கும் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதும் வேண்டும். அதே காலத்துக்கு, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் தினசரி சராசரி வெப்பநிலையும் வேண்டும்.

வெப்பநிலையை அப்படியே பயன்படுத்துவதைவிட 'டிகிரி நாள்' ஆக மாற்றிக்கொள்வது நல்லது. ஓர் அடிப்படை வெப்பநிலையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அதைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்று பார்த்துக் கூட்டினால் குளிரூட்டல் டிகிரி நாள் கிடைக்கும். அடிப்படை 22 டிகிரி என்றால், சராசரி 27, 25, 21 ஆக இருந்த மூன்று நாட்களுக்கு 5 + 3 + 0, ஆக 8. எத்தனை டிகிரி குறைவு என்று பார்த்துக் கூட்டினால் சூடாக்கல் டிகிரி நாள். கீழே குளிரூட்டலை வைத்தே சொல்கிறேன். சூடாக்கலுக்குத் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

கிடையச்சில் ஒரு நாளுக்கான டிகிரி நாள், நெட்டச்சில் ஒரு நாளுக்கான யூனிட். புள்ளிகளை வைத்து ஒரு நேர்கோடு பொருத்துங்கள், எந்த விரிதாள் மென்பொருளும் இதைச் செய்யும். கோட்டிலிருந்து இரண்டு எண்கள் வரும். கோடு நெட்டச்சை வெட்டும் இடம், அதாவது வெட்டுத்துண்டு, கட்டடத்தின் அடிச்சுமை: விளக்கு, கணினி, லிஃப்ட், பம்ப் என்று வானிலை எப்படியிருந்தாலும் ஓடுபவை. கோட்டின் சாய்வு, வெளியே ஒரு டிகிரி ஏறினால் கட்டடம் எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறது என்பது. சுவர், கூரை, கண்ணாடி, உள்ளே விடும் வெளிக்காற்று, குளிரூட்டும் இயந்திரத்தின் திறன் எல்லாம் சேர்ந்தது அது.

எந்த அறிகுறி வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: மாறியது அடிச்சுமையா, சாய்வா, அல்லது இரண்டும் சரியாக இருந்து தரவு மட்டும் தவறா? இதைப் பிரிக்காமல் பேசினால் வானிலையைக் குற்றம் சொல்வதற்கும் கட்டடத்தைக் குற்றம் சொல்வதற்கும் ஆதாரமே இருக்காது.

## அறிகுறி: புள்ளிகள் எந்த உருவமும் இல்லாமல் சிதறிக் கிடக்கின்றன

முதலில் தேதியைச் சந்தேகப்படுங்கள். மார்ச் பில் என்று பெயர் இருக்கும், உள்ளே இருப்பது பிப்ரவரி 12 முதல் மார்ச் 14 வரை ஓடிய மின்சாரமாக இருக்கும். அதை மார்ச் 1 முதல் 31 வரையிலான வெப்பநிலையோடு கோத்தால் பாதி நாட்கள் பொருந்தாது. பருவம் மாறும் மாதங்களில் இந்தப் பிழை மிகப் பெரிதாகத் தெரியும். பில்லை நாள்காட்டி மாதத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்ட முயலாதீர்கள். வானிலைத் தரவு நாள்வாரியாகக் கையில் இருப்பதால், அதை ரீடிங் தேதிகளுக்கு ஏற்பக் கூட்டிக்கொள்வதுதான் சுத்தமான வழி.

நாள் கணக்கும் முக்கியம். 31 நாள் மாதம் 28 நாள் மாதத்தைவிட ஏறத்தாழ 11 சதவீதம் நீளம். இரு அச்சுகளையும் நாட்களின் எண்ணிக்கையால் வகுக்காமல் விட்டால் வானிலையோடு தொடர்பே இல்லாத ஏற்ற இறக்கம் உள்ளே நுழைந்துவிடும்.

ஒரு மாதம் கோட்டுக்கு மேலே, அடுத்த மாதம் ஏறத்தாழ அதே அளவு கீழே என்று புள்ளிகள் ஜோடியாக நின்றால், ஏதோ ஒரு ரீடிங் உத்தேசமாகப் போடப்பட்டிருக்கிறது. அடுத்த உண்மையான ரீடிங் அந்தக் குறையை நேர்செய்திருக்கும். அந்த இரண்டு காலங்களையும் சேர்த்து ஒரே புள்ளியாக்குங்கள். மேலே இருப்பதை மட்டும் நீக்கிவிட்டுக் கீழே இருப்பதை வைத்துக்கொள்வது கணக்கைச் சாய்த்துவிடும்.

கூரையில் சூரியத் தகடு உள்ள கட்டடமா? அப்படியானால் மீட்டர் காட்டுவது நுகர்வு அல்ல, மீதி. வெயில் அடித்த நாளில் ஏசியும் அதிகம் ஓடும், தகடும் அதிகம் உற்பத்தி செய்யும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வரைபடம் தட்டையாகவோ தலைகீழாகவோ தெரியும். வெளியிலிருந்து வாங்கியது, தகடு உற்பத்தி செய்தது, இரண்டையும் கூட்டித் திருப்பி அனுப்பியதைக் கழியுங்கள். அந்த எண்ணை வைத்து மறுபடி வரையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் உருவம் வரவில்லை, புள்ளிகள் ஏறத்தாழ கிடைமட்டமான ஒரு பட்டையாகத்தான் இருக்கின்றன என்றால், கட்டடம் உண்மையிலேயே வானிலையைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. சர்வர்கள் நிறைந்த கட்டடம், நாள் முழுக்க ஒரே சீராக இயந்திரம் ஓடும் இடம் இப்படித்தான் இருக்கும். அங்கே ஆர்-ஸ்கொயர் 0.1 என்று வந்தால் பதற வேண்டியதில்லை. ஆர்-ஸ்கொயர் சொல்வது ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கை வெப்பநிலை விளக்குகிறது என்பதை மட்டும்தான். ஏற்ற இறக்கமே குறைவு என்றால் விளக்க என்ன இருக்கிறது? கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் அளவு சராசரி நுகர்வில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அதுதான் பயனுள்ள எண். குளிரூட்டல், சூடாக்கல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் 14ஆம் வழிகாட்டி, கணினியில் உருவாக்கிய கட்டட மாதிரியை உண்மை அளவீட்டோடு ஒப்பிடும்போது இந்த விலகல் மாதத் தரவில் 15 சதவீதத்துக்குள்ளும் மணிவாரித் தரவில் 30 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. கோடு பொருத்தும் வேலைக்கும் அதை ஒரு தோராய அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி: எதையும் மாற்றவில்லை, ஆனால் 'டிகிரி நாளுக்கு இத்தனை யூனிட்' குறைந்துவிட்டது

இது மிகவும் பரவலான பிழை. அறிக்கைகளில் சாதனையாக எழுதப்பட்டும் விடும், அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாத அடிச்சுமை 10,000 யூனிட், ஒரு டிகிரி நாளுக்கு 50 யூனிட் கேட்கும் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டு இதே மாதம் 100 டிகிரி நாள், நுகர்வு 15,000. இந்த ஆண்டு 150 டிகிரி நாள், நுகர்வு 17,500. கட்டடம் அதேதான், இயந்திரம் அதேதான். வகுத்துப் பாருங்கள்: போன ஆண்டு டிகிரி நாளுக்கு 150 யூனிட், இந்த ஆண்டு 117. 22 சதவீதச் சேமிப்பு! ஆனால் ஒரு யூனிட்கூட மிச்சமாகவில்லை. வெயில் கூடிய ஆண்டில் அடிச்சுமை அதிக டிகிரி நாட்களுக்குப் பங்கு போடப்பட்டது, அவ்வளவுதான்.

குளிர்ந்த ஆண்டில் இதே வகுத்தல் உண்மையான சேமிப்பை மறைத்துவிடும். பாடுபட்டு இன்சுலேஷன் போட்டவருக்கு அது அநியாயம்.

தீர்வு எளிது. போன ஆண்டின் தரவில் கோடு பொருத்துங்கள். அந்தக் கோட்டில் இந்த ஆண்டின் டிகிரி நாட்களைப் போட்டால், பழைய நிலையிலேயே இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கிடைக்கும். அதிலிருந்து உண்மை நுகர்வைக் கழித்தால் வருவதுதான் சேமிப்பு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது பூஜ்யம்.

## அறிகுறி: வெட்டுத்துண்டு மைனஸில் வருகிறது, அல்லது நம்ப முடியாத அளவு இருக்கிறது

அடிச்சுமை மைனஸ் ஆக முடியாது. மைனஸ் வந்தால் முதல் சந்தேகம் அடிப்படை வெப்பநிலைமேல் விழ வேண்டும்.

பலர் 18 டிகிரியை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 65 பாரன்ஹீட் (18.3 டிகிரி செல்சியஸ்), பிரிட்டனில் சூடாக்கலுக்கு 15.5 டிகிரி என்பவை பழக்கத்தில் வந்த எண்கள். உங்கள் கட்டடத்துக்கு அவை பொருந்தியாக வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டடத்துக்குச் சொந்தமாக ஒரு சமநிலை வெப்பநிலை உண்டு. வெளியே அதைவிடச் சூடானால்தான் குளிரூட்டல் தேவைப்படும். உள்ளே 24 டிகிரி வேண்டும், ஆட்களும் கருவிகளும் வெயிலும் சேர்ந்து 20 கிலோவாட் வெப்பம் தருகிறார்கள், உள்-வெளி வித்தியாசம் ஒவ்வொரு டிகிரிக்கும் கட்டடம் 4 கிலோவாட் வெளியே விடுகிறது என்றால், 20-ஐ 4-ஆல் வகுத்து 5. சமநிலை 24 − 5, அதாவது 19 டிகிரி. கணினிகள் நெருக்கியடித்த, இறுக்கமாக மூடிய அலுவலகத்தில் இது இன்னும் கீழே போகும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியில் சமாளித்து, தாங்க முடியாதபோது மட்டும் ஏசி போடும் வீட்டில் 25-க்கு மேலேகூடப் போகலாம்.

தவறான அடிப்படை என்ன செய்யும் என்று எண்ணில் பார்ப்போம். உண்மையான சமநிலை 23, மாத அடிச்சுமை 4,000, டிகிரி நாளுக்கு 40 யூனிட். எல்லா நாளும் 29 டிகிரி இருந்த 30 நாள் மாதத்தில் டிகிரி நாள் 180, நுகர்வு 11,200. நீங்கள் 18-ஐ அடிப்படையாக வைத்தால் அதே மாதத்துக்கு 330 டிகிரி நாள் வரும். 26 டிகிரி மாதத்துக்கு 90-க்குப் பதில் 240. வெப்ப மாதங்கள் வழியாக வரும் கோட்டின் சாய்வு மாறாமல் 40-ஆகவே இருக்கும். ஆனால் கோடு பின்னோக்கிப் போய் நெட்டச்சை −2,000-இல் வெட்டும். 5 டிகிரி பிழை, 30 நாள், 40 யூனிட்: சரியாக 6,000 யூனிட் காணாமல் போய்விட்டது.

எதிர்ப்பக்கம் தவறினால், அதாவது அடிப்படையை மிக உயரத்தில் வைத்தால், பூஜ்ய டிகிரி நாளுக்கு நேரே புள்ளிகள் செங்குத்தாக அடுக்கிக்கொண்டு நிற்கும். டிகிரி நாளே இல்லாத மாதங்களில் நுகர்வு மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் ஏசி நீங்கள் நினைத்ததற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. வெட்டுத்துண்டும் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கும்.

சரி செய்ய: 15 முதல் 27 வரை அரை அரை டிகிரியாக அடிப்படையை மாற்றி ஒவ்வொன்றுக்கும் கோடு பொருத்துங்கள். விலகல் எங்கே மிகக் குறைவோ அதுவே உங்கள் கட்டடத்தின் அடிப்படை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஃபெல்ஸ் 1986இல் வெளியிட்ட 'பிரிஸம்' முறையின் அடிப்படை யோசனை இதுதான்: அடிப்படை வெப்பநிலையை வெளியிலிருந்து திணிக்காமல் கட்டடத்தின் பில்லையே சொல்லவைப்பது. வரும் எண் நம்பும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வீட்டில் எப்போது ஏசி போடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

இன்னொரு நுட்பம். தினசரி சராசரியை வைத்துக் கணக்கிடும்போது, காலை 14, மதியம் 26 என்று ஆடும் நாளின் சராசரி 20. அடிப்படையும் 20 என்றால் அன்று டிகிரி நாள் பூஜ்யம், ஆனால் மதியம் முழுக்க ஏசி ஓடியிருக்கும். பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் பெரிதாக உள்ள ஊர்களில் மணிவாரி வெப்பநிலையிலிருந்து டிகிரி நாள் கணக்கிடுவது நல்லது.

## அறிகுறி: ஒரே வெப்பநிலைக்கு இரண்டு வெவ்வேறு நுகர்வு

நாள்வாரித் தரவில் இது அடிக்கடி வரும். புள்ளிகள் இரண்டு தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து நிற்கும். மேலே வேலை நாட்கள், கீழே விடுமுறை நாட்கள். நிறத்தைப் பிரித்து வரைந்தாலே தெரிந்துவிடும். இரண்டுக்கும் தனித்தனிக் கோடு பொருத்துங்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: விடுமுறை நாளின் கோடும் வேலை நாளின் கோடு அளவுக்கே செங்குத்தாக இருந்தால், யாரும் இல்லாத கட்டடத்தை ஏசி முழுமூச்சாகக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. டைமரைப் போய்ப் பாருங்கள். பெரிய செலவில்லாமல் கிடைக்கும் சேமிப்புகளில் இது முதல் வரிசை.

## அறிகுறி: ஈரமான மாதங்கள் மட்டும் கோட்டுக்கு மேலே நிற்கின்றன

வெப்பநிலை மட்டும் வைத்துப் பார்த்தால் கண்ணில் படாத சுமை இது. குளிரூட்டி இரண்டு வேலை செய்கிறது: காற்றைக் குளிர்விக்கிறது, காற்றிலுள்ள நீரைப் பிழிந்தெடுக்கிறது. ஒரு கிலோ நீராவியைத் தண்ணீராக்க சுமார் 2,450 கிலோஜூல், அதாவது கிட்டத்தட்ட 0.68 கிலோவாட்-மணி அளவு வெப்பத்தை அகற்ற வேண்டும். தெர்மாமீட்டரில் இது தெரியவே தெரியாது.

எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். வெளியே 30 டிகிரி, பனிநிலை (காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் நீர் படியத் தொடங்கும் வெப்பநிலை) 15 டிகிரி என்றால் ஒரு கிலோ காற்றில் சுமார் 10.7 கிராம் நீராவி. அதே 30 டிகிரியில் பனிநிலை 25 என்றால் சுமார் 20 கிராம். உள்ளே 24 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டுமென்றால் அது சுமார் 9.3 கிராம். உள்ளே வரும் ஒவ்வொரு கிலோ வெளிக்காற்றையும் 30-லிருந்து 24-க்குக் குளிர்விக்க 6 கிலோஜூல் போதும். நீரை எடுக்க, வறண்ட நாளில் 3 அல்லது 4 கிலோஜூல், ஈரமான நாளில் 26. டிகிரி நாள் கணக்கில் இந்த இரண்டு நாட்களும் ஒன்றுதான்!

அதனால் கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் விலகும் அளவை எடுத்துப் பனிநிலைக்கு எதிராகத் தனியே வரையுங்கள். அங்கே ஒரு ஏறுமுகம் தெரிந்தால் ஈரப்பதத்தையும் இரண்டாவது காரணியாகச் சேர்க்க வேண்டும். ஆனால் வானிலை அறிக்கையில் சதவீதமாக வரும் ஒப்பு ஈரப்பதத்தைச் சேர்க்காதீர்கள். அது வெப்பநிலைக்கு எதிர்த்திசையில் ஆடும். காற்றில் நீர் அளவு மாறாமலே இருந்தாலும் விடியற்காலையில் 90 சதவீதம், மதியம் 50 சதவீதம் என்று காட்டும். அதைக் கோட்டுக்குள் விட்டால் ஈரம் கூடினால் நுகர்வு குறைகிறது என்ற விபரீத முடிவுகூட வரும். பனிநிலையையோ, ஒரு கிலோ காற்றில் இத்தனை கிராம் என்ற அளவையோ எடுங்கள். குளிர்கோபுரத்தோடு ஓடும் பெரிய சில்லர் (தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடத்துக்கு அனுப்பும் இயந்திரம்) என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது) இன்னும் பொருத்தம், கோபுரம் தண்ணீரை எவ்வளவு குளிர்விக்க முடியும் என்பதற்கு எல்லை வகுப்பதே அதுதான்.

## அறிகுறி: சூடான முனையில் கோடு வளைகிறது

மேல்நோக்கி வளைந்தால், வெளிக்காற்று சூடாக ஆக இயந்திரத்தின் திறன் குறைகிறது என்பது ஒரு காரணம். கண்டன்சர் வெப்பத்தை இன்னும் சூடான காற்றில் தள்ள வேண்டியிருப்பதால் கம்ப்ரசர் அதிகம் உழைக்கும். இலேசான வளைவு இயல்பு. வளைவு கூர்மையாக இருந்தால் கண்டன்சர் சுருள் அழுக்கடைந்திருக்கிறதா, சூடான காற்று சுற்றித் திரும்பி அதற்குள்ளேயே வருகிறதா என்று பாருங்கள்.

கீழ்நோக்கி வளைந்து தட்டையானால் இயந்திரம் உச்சவரம்பைத் தொட்டுவிட்டது. அதற்குமேல் எடுக்க அதனிடம் திறன் இல்லை. மின்சாரம் ஏறாது, உள்ளே வெப்பநிலை ஏறும். இதைச் சிக்கனம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த நாட்களில் உள்ளே எத்தனை டிகிரி இருந்தது என்று ஒரு பதிவு இருந்தால் உடனே உறுதியாகிவிடும்.

## அறிகுறி: இதமான நாட்களிலும் நுகர்வு இறங்கவில்லை

சூடாக்கல், குளிரூட்டல் இரண்டும் உள்ள கட்டடத்தில் வெப்பநிலைக்கு எதிராக மொத்த ஆற்றலை வரைந்தால் 'V' போன்ற பள்ளம் வரவேண்டும், நடுவில் கொஞ்சம் தட்டையாக. பள்ளமே இல்லை, அல்லது பள்ளத்தின் அடி தூக்கலாக நிற்கிறது என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்று சந்தேகப்படலாம். காற்றைக் குளிர்வித்துவிட்டு, அறைக்குள் விடும் முன் மறுபடி சூடாக்கும் அமைப்புகளில் இது நடக்கும். சூடாக்கும் வெப்பநிலை அமைப்பும் குளிரூட்டும் அமைப்பும் மிக நெருக்கமாகவோ ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ இருந்தாலும் நடக்கும். இரண்டுக்கும் நடுவே சில டிகிரி இடைவெளி விடுங்கள். வாயுவும் மின்சாரமும் தனித்தனி மீட்டரில் இருந்தால் ஒரே நாளில் இரண்டும் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்தாலே போதும்.

## அறிகுறி: மணிவாரித் தரவில் உச்சங்கள் ஒத்துவரவில்லை

கடிகாரத்தை முதலில் பாருங்கள். வானிலைத் தரவு பலமுறை உலகப் பொது நேரத்தில் இருக்கும், மீட்டர் உள்ளூர் நேரத்தில். எளிய சோதனை: தெளிந்த நாட்களில் மிகக் குறைந்த வெப்பநிலை சூரிய உதயத்தை ஒட்டி வரவேண்டும், மிக அதிகம் பிற்பகலில். நள்ளிரவில் உச்சம் காட்டினால் நேர மண்டலம் தவறு. ஒரே ஒரு மணி நேரம் நகர்ந்திருந்தால், ஒரு கோப்பு மணி தொடங்கும் நேரத்தையும் இன்னொன்று முடியும் நேரத்தையும் குறிக்கலாம். ஆண்டின் ஒரு பாதி சரி, மறுபாதி ஒரு மணி தவறு என்றால், சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைக்கும் கோடைகால நேர மாற்றம் காரணம்.

கடிகாரம் சரி, ஆனாலும் நுகர்வு சில மணி நேரம் பிந்தி உச்சம் தொடுகிறதா? அது பிழை இல்லை. கனமான கான்கிரீட் கூரையும் சுவரும் வெப்பத்தைத் தேக்கி வைத்துத் தாமதமாக உள்ளே விடுகின்றன. மேற்குக் கண்ணாடி மாலை வெயிலை நேராக உள்ளே விடுகிறது. மணிவாரிக் கணக்குத்தான் வேண்டும் என்றால் அந்த மணியின் வெப்பநிலையோடு முந்தைய சில மணிகளின் சராசரியையும் சேருங்கள். மாதச் சேமிப்பை அறிவதுதான் நோக்கம் என்றால் நாள்வாரிக் கூட்டலுக்குப் போய்விடலாம், தாமதத்தின் பெரும்பகுதி அதில் கரைந்துவிடும்.

## அறிகுறி: ஏதோ ஒரு நாளிலிருந்து எல்லாமே மாறிவிட்டது, எந்த நாள் என்று தெரியவில்லை

இதற்கு ஓர் அருமையான கருவி இருக்கிறது, போதுமான பேர் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு காலத்துக்கும் உண்மை நுகர்விலிருந்து கோடு சொன்ன நுகர்வைக் கழியுங்கள். கிடைக்கும் வித்தியாசங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போய் அந்தத் திரள்கூட்டலைத் தேதிக்கு எதிராக வரையுங்கள். கட்டடம் பழைய நிலையில் இருக்கும்வரை அந்தக் கோடு கிடையாக நெளியும். ஏதாவது மாறிய நாளில் முறிந்து ஏறும் அல்லது இறங்கும். முறிவு எந்த வாரத்தில் என்று தெரிந்தால், அந்த வாரம் யார் வந்து எதைத் தொட்டார் என்று பராமரிப்புப் பதிவேட்டில் தேடலாம்.

முறிவுக்கு முன்னும் பின்னும் தனித்தனிக் கோடு பொருத்துங்கள். அடிச்சுமை மட்டும் ஏறியிருந்தால் புதிய கருவி எதுவோ வந்திருக்கிறது அல்லது எதையோ அணைக்காமல் விடுகிறார்கள். சாய்வு மட்டும் ஏறியிருந்தால் இயந்திரம், காற்றுக் கசிவு, வெளிக்காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தடுக்கு. இரண்டும் ஒரே விகிதத்தில் பெருகியிருந்தால் மீட்டரைப் பாருங்கள், பெரிய இணைப்புகளில் ரீடிங்கைப் பெருக்கும் எண் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். சமநிலை வெப்பநிலை மட்டும் இறங்கியிருந்தால் யாரோ தெர்மோஸ்டாட்டைக் குறைத்திருக்கிறார்கள், அல்லது உள்ளே வெப்பம் தரும் ஏதோ ஒன்று கூடியிருக்கிறது.

## அறிகுறி: வானிலை நிலையத்தின் எண் கட்டட வாசலில் உணர்வதோடு ஒட்டவில்லை

நிலையம் திறந்தவெளியில், நிழல்கூண்டுக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் அளக்கிறது. நகர நடுவில், குறிப்பாக இரவில், அதைவிடச் சூடாக இருக்கும். உயரமும் காரணமாகலாம்: ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறைவதால், நிலையம் 300 மீட்டர் கீழே இருந்தால் ஏறத்தாழ 2 டிகிரி வித்தியாசம்.

வித்தியாசம் ஒரே சீராக இருந்தால் கவலை வேண்டாம். அடிப்படை வெப்பநிலையைத் தரவே தேர்வு செய்வதால் அந்த 2 டிகிரியை அது விழுங்கிவிடும். பருவத்துக்குப் பருவம் வித்தியாசம் மாறினால்தான் சிக்கல். கடற்கரை நிலையத்தை உள்நாட்டுக் கட்டடத்துக்குப் பயன்படுத்துவது அப்படி. ஆய்வின் நடுவில் நிலையத்தை மாற்றவே மாற்றாதீர்கள், அதுவே ஒரு செயற்கையான முறிவை உண்டாக்கும். கட்டடத்திலேயே சொந்தமாக சென்சார் வைப்பதானால் கண்டன்சர் காற்றும் வெயில்பட்ட சுவரும் தொடாத இடம் பாருங்கள். தரவில் ஓரிரு மணி விடுபட்டால் இருபக்க எண்களை வைத்து நிரப்பலாம். நாட்கணக்கில் விடுபட்டால் பக்கத்து நிலையத்திலிருந்து எடுங்கள். வெற்றிடத்தைப் பூஜ்யமாக விட்டுவிட்டால், மென்பொருள் அதைப் பூஜ்ய டிகிரி என்றே எடுத்துக்கொள்ளும்.

## அறிகுறி: பழைய தரவில் அழகாகப் பொருந்துகிறது, புதிய மாதத்தில் தவறுகிறது

பெரும்பாலும் காரணிகள் அதிகமாகிவிட்டன. 12 மாதப் புள்ளிகளுக்கு வெப்பநிலை, ஈரம், வெயில், காற்று, ஆட்கள், விடுமுறை என்று ஆறு காரணிகளைக் கொடுத்தால் எந்தக் கோடும் பொருந்திவிடும், எதையும் சொல்லாது. மாதத் தரவுக்கு ஒன்று, அதிகபட்சம் இரண்டு போதும். ஒவ்வொன்றின் குறியும் இயற்பியலோடு ஒத்துப்போக வேண்டும். வெயில் கூடினால் குளிரூட்டல் குறையும் என்று கோடு சொன்னால் அந்தக் காரணியைத் தூக்கிவிடுங்கள், ஆர்-ஸ்கொயர் எவ்வளவு உயர்ந்தாலும் சரி.

மற்றொரு காரணம், கோடு பார்த்திராத வானிலை. குளிர்கால மூன்று மாதத் தரவிலிருந்து கோடை உச்சத்தைக் கணிக்கக் கூடாது. கோட்டைப் பொருத்திய டிகிரி நாட்களின் குறைந்த, அதிக எல்லையை வரைபடத்திலேயே குறித்து வையுங்கள். புதிய மாதம் அந்த எல்லையைத் தாண்டினால், அந்த மாதத்தின் சேமிப்புக் கணக்கைத் தனி நிறத்தில் காட்டி, அது எல்லைக்கு வெளியே கணித்தது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்த மாதத்தையும் சேர்த்துக் கோட்டைப் புதிதாகப் பொருத்தும்போது அந்தக் குறிப்பை நீக்கிக்கொள்ளலாம்.